பழத்தில் பூசும் மெழுகு: கடலூர், புதுச்சேரி வியாபாரிகள் எதை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும்?

ஆடி மாதம் வந்தால் எலுமிச்சைக்குத் தனி கிராக்கி. அம்மன் கோயில் மாலை, வாசலில் திருஷ்டிக்கு ஒன்று, கூழ் ஊற்றும் இடத்தில் ஊறுகாய் என்று மூட்டை மூட்டையாகப் போகும். திங்கட்கிழமை இறங்கிய மூட்டையில் மிச்சம் இருப்பது வியாழக்கிழமை தோல் காய்ந்து, பளபளப்பு போய், கையில் எடுத்தால் கெட்டியாக இருக்கும். எடை போட்டு விற்பவருக்கு அது நேரடி நஷ்டம். மாலை கட்டுபவரோ தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். இந்தச் சமயம் பார்த்துத்தான் "இதைத் தடவுங்க, கூட பத்து நாள் தாங்கும்" என்று ஒரு வெள்ளைக் கேன் கடைக்கு வருகிறது.

அந்தக் கேனில் இருப்பது என்ன, சாப்பிடுபவருக்கு அது எவ்வளவு பாதுகாப்பு, நம் கடலோர ஈரப்பதத்தில் அது வேலை செய்யுமா என்ற மூன்று கேள்விகளை வைத்து, சந்தையில் சொல்லப்படும் பூச்சு வகைகளை இங்கே மதிப்பிடுகிறோம். பிராண்டு பெயர்கள் இல்லை. ஒரே பொருள் பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைவிட உள்ளடக்கத்தைப் பார்ப்பதுதான் உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எலுமிச்சை, சாத்துக்குடிக்கு உணவுத் தரக் கார்னோபா எமல்ஷனை, அதாவது பனை மெழுகைத் தண்ணீரில் பால் போலக் கலந்ததை, வாங்கலாம். அரக்கு எமல்ஷன் சட்டப்படி சரியானது, ஆனால் நம் ஊர் காற்றுக்கு ஒத்துவராத பொருள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை முழு ஆவணமும் ஒவ்வாமை அறிவிப்பும் இல்லாமல் தொட வேண்டாம். தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் மோனோகிளிசரைடு பொடி நல்ல பொருள், ஆனால் இங்கே விற்பவர் அனுமதிக் கடிதம் காட்ட வேண்டும். வீட்டுக் கற்றாழை ஜெல் விற்பனைக்கு உகந்ததல்ல. பெயரில்லாத "பழ பாலிஷ்" கேனைக் கடை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சட்டம் எதை அனுமதிக்கிறது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2011 விற்பனைத் தடை விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. மெழுகோ, கனிம எண்ணெயோ, நிறமோ பூசிய புதிய பழங்களையும் காய்களையும் விற்கக் கூடாது. இதற்கு விதிவிலக்காகப் பழங்களில் மட்டும் தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, அரக்கு மெழுகு ஆகிய மூன்றைப் பூசலாம். அதுவும் நல்ல உற்பத்தி நடைமுறைக்குத் தேவையான அளவைத் தாண்டாமல், எந்த மெழுகு பூசப்பட்டது என்று லேபிளில் அறிவித்து. எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும். இது மத்தியச் சட்டம் என்பதால் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒன்றுதான். அமல்படுத்தும் துறை மட்டும் வேறு.

கேனில் பார்க்க வேண்டிய உணவுச் சேர்க்கை எண்கள் (INS) மூன்று: 901 தேன்மெழுகு, 903 கார்னோபா, 904 அரக்கு. இவற்றுக்கு வெளியே உள்ள எதையும் விற்க வருபவரிடம், 2017-ஆம் ஆண்டின் குறிப்பிடப்படாத உணவுப் பொருள்களுக்கான ஒப்புதல் விதிகளின்படி பெற்ற அனுமதி எங்கே என்று கேளுங்கள். "வெளிநாட்டில் அனுமதி இருக்கு சார்" என்பது இதற்குப் பதிலாகாது.

அளவுதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது

பூச்சின் பெயரைப் பற்றி நிறையப் பேசுகிறோம், எவ்வளவு பூசினோம் என்பதை யாரும் அளப்பதில்லை. இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

20 சதவீதம் திடப்பொருள் உள்ள அரக்கு எமல்ஷன் 1 லிட்டரில் ஏறக்குறைய 200 கிராம் அரக்கு இருக்கிறது. 1 டன் பழத்துக்கு 1 லிட்டர் என்று வைத்தால், 1 கிலோ பழத்தின் மேல் 200 மில்லிகிராம் நிற்கும். 200 கிராம் எடையுள்ள ஒரு ஆப்பிளில் 40 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் மெழுகு நீக்கிய அரக்குக்கு நிர்ணயித்த தினசரி ஏற்கத்தக்க அளவு, உடல் எடை 1 கிலோவுக்கு 4 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 80 மில்லிகிராம். அதாவது தோலோடு இரண்டு ஆப்பிள். 60 கிலோ பெரியவருக்கு 240 மில்லிகிராம், ஆறு ஆப்பிள்.

இப்போது கடைப்பையன் கேனில் ஸ்பான்ஜை முக்கி ஒவ்வொரு பழமாகத் துடைக்கிறார் என்று வையுங்கள். டன்னுக்கு 3 லிட்டர் என்ற கணக்கில் இறங்குவது இந்த முறையில் மிக எளிது. ஒரு ஆப்பிளில் 120 மில்லிகிராம். ஒரே பழத்தில் குழந்தையின் அளவு தாண்டிவிடுகிறது. இந்தத் தினசரி ஏற்கத்தக்க அளவு என்பது ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் தீங்கில்லை என்று, விலங்குச் சோதனையில் பாதிப்பு தெரியாத அளவை 100-ஆல் வகுத்துச் சொல்வது. எனவே ஒரு நாள் தாண்டியதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு இடைவெளியை நம் சோம்பலுக்காகத் தின்றுவிடக் கூடாது. அது குழந்தைக்காக விட்டுவைத்த இடம்.

கார்னோபாவுக்கு ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு சொன்ன தினசரி அளவு, உடல் எடை 1 கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை. அதே 20 கிலோ குழந்தைக்கு 140 மில்லிகிராம். பூச்சு போட்ட பழத்தில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் வரை கார்னோபா இருக்கலாம் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத் தொகுப்பின் வரம்பு. எமல்ஷனின் திடப்பொருள் 20 சதவீதத்தைத் தாண்டாமல் டன்னுக்கு 1 லிட்டர் என்ற அளவில் நின்றால் அந்த வரம்பில் பாதிக்கு மேல் போகாது.

சாத்துக்குடியில் தோலை உரித்துவிடுகிறோம், கவலை குறைவு. எலுமிச்சையில் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் நம் வீட்டில் அது தோலோடு ஊறுகாய்க்குப் போகிறது. இருந்தாலும் 20 கிராம் துண்டு ஒன்றில் 4 மில்லிகிராம்தான் வரும். தோலோடு கடித்துத் தின்னும் கொய்யா, ஆப்பிள் ஆகிய இரண்டில்தான் அளவு கறாராக இருக்க வேண்டும்.

அளவை அறிய ஒரு தராசு போதும். பூசத் தொடங்கும் முன் கேனை எடை போடுங்கள், முடிந்ததும் எடை போடுங்கள். 100 கிலோ எலுமிச்சைக்கு 100 கிராம் குறைந்திருந்தால் சரி. 250 கிராம் குறைந்திருந்தால் கை கனம். முதல் முறை பூசும்போது ஸ்பான்ஜே நிறையக் குடித்துவிடும், அதனால் இரண்டாவது 100 கிலோவின் கணக்கை நம்புங்கள்.

அரக்கு எமல்ஷன்

அரக்கு நமக்குப் புதிதல்ல. ஜார்க்கண்டில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. கடிதத்துக்கு முத்திரை வைத்த அதே பொருள், சுத்தம் செய்து அம்மோனியா கலந்த நீரில் கரைத்து வருகிறது. பளபளப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

பாதுகாப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் விற்பனையாளரிடம் கேளுங்கள்: நிறம் நீக்கியது எப்படி? வடிகட்டி நீக்கியதா, குளோரின் சார்ந்த வெளுப்பியால் நீக்கியதா? வெளுப்பி போட்டதில் குளோரின் சேர்ந்த உபபொருள்கள் மிஞ்சலாம் என்பதால், அந்த வகைக்கு மேற்சொன்ன அளவை ஐரோப்பிய ஆணையம் தற்காலிகமாகவே வைத்திருக்கிறது.

கடலோரத்தில் இதன் பலவீனம் வேறு. குளிர்கிடங்கிலிருந்து வந்த ஆப்பிளைப் புதுச்சேரி குபேர் மார்க்கெட்டில் இறக்கினால் சில நிமிடங்களில் தோல் முழுக்க வியர்க்கும். அந்த ஈரம் அரக்குப் படலத்துக்குள் புகுந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். வாடிக்கையாளர் அதைப் பார்த்துப் பூஞ்சை என்றோ மருந்து என்றோ நினைப்பார். பெட்டியைத் திறக்காமல் நிழலில் வைத்து, பழம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

இன்னொரு குறை, அரக்கு காற்றை அதிகம் அடைக்கிறது. பறித்த பழமும் மூச்சுவிடுகிறது; ஆக்சிஜன் உள்ளே போகாவிட்டால் சர்க்கரை சாராயமாக மாறத் தொடங்கும். கனமாக அரக்குப் பூசிய சாத்துக்குடியை நாலு நாள் கழித்து அறுத்தால் லேசான கள் வாடை வரும். பழம் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். எங்கள் மதிப்பெண் 5-க்கு 2.5.

அரக்கு எடுக்கும்போது பூச்சிகள் சாகின்றன. வடலூர்ப் பக்கம் சன்மார்க்க வழியில் நிற்கும் குடும்பங்களுக்கும், படையலுக்குப் பழம் வாங்குபவர்களுக்கும் இது முக்கியமான விஷயம். லேபிளில் "அரக்கு" என்று எழுதுவது சட்டத்துக்காக மட்டுமல்ல, அவர்களுக்காகவும்தான்.

கார்னோபா எமல்ஷன்

பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் படியும் மெழுகு. நீர் வெளியேறுவதை நன்றாகத் தடுக்கும், அதேநேரம் அரக்கு அளவுக்குக் காற்றை அடைக்காது. பளபளப்பு கொஞ்சம் மட்டு. எலுமிச்சைக்கு வேண்டியதும் அதுதான்: ஈரம் உள்ளே நிற்க வேண்டும், பழம் மூச்சுவிட வேண்டும். தாவரப் பொருள் என்பதால் சைவச் சிக்கலும் இல்லை.

கவனிக்க வேண்டியது மெழுகை அல்ல, மெழுகைத் தண்ணீரில் கலக்க வைத்த பொருளை. கார்னோபா தானாகத் தண்ணீரில் கலக்காது. கொழுப்பு அமிலமும் அம்மோனியாவும் சேர்த்துக் கலப்பது ஒரு முறை. மார்ஃபோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பது இன்னொரு முறை. எமல்ஷன் நன்றாக நிற்கும், பளபளப்பும் கூடும் என்பதால் தயாரிப்பாளர்களுக்கு மார்ஃபோலின் பிடிக்கும். அது வயிற்றில் நைட்ரைட்டோடு சேர்ந்து நைட்ரோசோமார்ஃபோலினாக மாறக்கூடும். அந்தப் பொருளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. அமெரிக்கா பழப்பூச்சில் மார்ஃபோலினை அனுமதிக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. 2010-இல் பிரிட்டனில் சிலி நாட்டு ஆப்பிள்களில் அது கண்டறியப்பட்டு, அங்குள்ள உணவுத் தர முகமை தலையிட வேண்டி வந்தது.

எங்கள் நிலை தெளிவு: அம்மோனியா வகை கிடைக்கும்போது மார்ஃபோலின் வகையை வாங்க எந்தக் காரணமும் இல்லை. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், இரண்டுக்குமே நெடி உண்டு. பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் 110-91-8 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அது மார்ஃபோலினின் பதிவு எண். தாள் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஆரஞ்சு வகைகளுக்கென்று வரும் சில மெழுகுகளில் இமாசலில், தயபெண்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளைக் கலந்தே விற்பார்கள். அவை பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருபவை. எலுமிச்சை ஊறுகாய்க்குப் போகும் ஊரில் அவற்றுக்கு இடமில்லை. லேபிளை ஒருமுறை இதற்காகவும் படியுங்கள். மதிப்பெண் 5-க்கு 4.

தேன்மெழுகை மட்டும் பூச்சாகப் பயன்படுத்துவது குறைவு. ஒட்டும், தூசி பிடிக்கும், அக்னி நட்சத்திர வெயிலில் பிசுபிசுக்கும். மற்றவற்றோடு கலந்து வந்தால் பாதுகாப்பில் சிக்கல் இல்லை.

கைட்டோசான்

இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இறால் ஓடு குவியும் ஊரில், "நம்ம ஓட்டிலேயே செய்யலாமே" என்ற யோசனை அடிக்கடி எழும். யோசனை நல்லதுதான், ஆனால் வேலை எளிதல்ல. ஓட்டிலுள்ள சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நீக்க வேண்டும், புரதத்தைக் காஸ்டிக் சோடாவால் நீக்க வேண்டும், பிறகு 40 முதல் 50 சதவீதக் காஸ்டிக் கரைசலில் சூடாக்கி அசிட்டைல் தொகுதிகளை நீக்க வேண்டும். புரதம் முழுக்கப் போகாவிட்டால் இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து. ஓட்டில் ஈயம், ஆர்சனிக் இருந்தால் அது பொடியிலும் தொடரலாம். எனவே ஒவ்வொரு பேட்சுக்கும் புரத மிச்சம், கன உலோகங்கள், நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகியவற்றுக்கான சோதனைச் சான்று இல்லாமல் இது உணவுப் பொருளே அல்ல.

பயிருக்குத் தெளிக்க விற்கும் கைட்டோசான் வேறு தரம். விலை குறைவு என்று அதை வாங்கிப் பழத்தில் பூசுவதுதான் இதில் நடக்கக்கூடிய மிகப் பெரிய தவறு.

பொருளின் வேலைத் திறனில் குறையில்லை. பூஞ்சையையும் ஓரளவு கட்டுப்படுத்தும் பூச்சு இது. 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொடி, உணவுத் தர அசிட்டிக் அமிலம் 10 மில்லி, படலம் விரிசல் விடாமல் வளைந்துகொடுக்க 3 முதல் 5 கிராம் கிளிசரின். இரவு முழுக்கக் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் மீன் கண் போல் உருண்டைகள் நிற்கும், அவை பழத்தில் புள்ளியாகப் படியும். மெல்லிய துணியில் வடித்து, பழத்தை 1 முதல் 2 நிமிடம் முக்கி, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். காடி வாடை மறுநாள் வரை நிற்பது இயல்பு.

ஆனால் மேலே சொன்ன மூன்று மெழுகுகளில் இது இல்லை. அனுமதி ஆவணம் கைக்கு வந்த பிறகே விற்பனைக்கு. அப்போதும் "இறால் ஓட்டிலிருந்து பெறப்பட்ட பூச்சு" என்று எழுதியே தீர வேண்டும். மாம்பழம் தின்ற பிள்ளைக்கு உதடு வீங்கினால் இறாலை நினைத்துப் பார்க்க எந்தத் தாய்க்கும் தோன்றாது, மருத்துவருக்கும் தோன்றாது. காளானிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் இந்தச் சிக்கல் இல்லை. கிடைத்தால் அதைக் கேளுங்கள். மதிப்பெண், இறால் வகைக்கு 2, காளான் வகைக்கு 3.

மோனோகிளிசரைடு பொடி

வாட்ஸாப்பில் அதிகம் திட்டு வாங்கியது இதுதான். அமெரிக்காவில் அப்பீல் என்ற பெயரில் அவகாடோ போன்ற பழங்களில் பூசுவது தாவர எண்ணெயிலிருந்து எடுத்த மோனோ, டை கிளிசரைடுகள். அதே பெயரில் பிரிட்டனில் விற்கும் ஒரு சுத்தம் செய்யும் திரவத்தின் பாதுகாப்புத் தாளை எடுத்துப் போட்டு, 2023-இல் "பழத்தில் விஷம்" என்று உலகம் முழுக்கப் பரப்பினார்கள். இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. ஐஸ்கிரீமிலும் ரொட்டியிலும் 471 என்ற எண்ணில் இருப்பது இதே குடும்பம்தான்.

உண்மையான கேள்வி வேறு. ஐரோப்பிய ஆணையம் 2017-இல் 471-ஐ மறு ஆய்வு செய்தபோது பாதுகாப்புக் கவலை இல்லை என்றது. கூடவே, எண்ணெய் சுத்திகரிப்பில் உருவாகும் கிளிசிடில் எஸ்டர்கள், கன உலோகங்கள் போன்ற மாசுகளுக்கான வரம்பை இறுக்கச் சொன்னது. எனவே விற்பவரிடம் கேட்க வேண்டியது "இது விஷமா?" என்பதல்ல, மாசுகளுக்கான பேட்ச் சோதனை முடிவைத்தான். விலங்குக் கொழுப்பிலிருந்தும் இதைத் தயாரிக்க முடியும் என்பதால் தாவர மூலம் என்ற உறுதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

கற்றாழை ஜெல்

வீட்டு வைத்தியத்தில் கற்றாழைச் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவச் சொல்வார்கள். காரணம் உண்டு. தோலுக்கும் சோற்றுக்கும் நடுவே வரும் மஞ்சள் பாலில் அலோயின் இருக்கிறது, பேதியாக்கும். அலோ-எமோடின் உள்ளிட்ட அந்த வகைப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் உணவில் தடை செய்தது. மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு தோல் சீவி, கழுவி, அரைத்து, 70 டிகிரியில் 45 நிமிடம் சூடாக்கி ஆற வைத்தால் ஒரு நாள் வீட்டு உபயோகத்துக்குச் சரி. சூடாக்காத ஜெல் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அதைப் பூசினால் பழம் சீக்கிரம் கெடும். கடைக்கு வேண்டாம்.

பெயரில்லாத பாலிஷ்

14 இலக்க உரிம எண் இல்லை, உட்பொருள் பட்டியல் இல்லை, மண்ணெண்ணெய் போலவோ மெழுகுவர்த்தி போலவோ வாடை. உருக்கிய பாரஃபின் அல்லது கனிம எண்ணெயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். சுத்திகரிக்காத கனிம எண்ணெயில் மரபணுவைச் சேதப்படுத்தும் நறுமண ஹைட்ரோகார்பன்கள் இருக்கலாம். மதிப்பெண் கிடையாது.

பூசும் முறையும் தவறும் இடங்களும்

மெழுகுப் பூச்சு கிருமியைக் கொல்லாது. அழுக்குப் பழத்தில் பூசினால் கிருமியையும் பூச்சிக்கொல்லி மிச்சத்தையும் உள்ளே வைத்து மூடுகிறோம். 2014-இல் அமெரிக்காவில் கேரமல் பாகு பூசிய ஆப்பிளால் 35 பேருக்கு லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தது. குச்சி குத்திய துளையிலிருந்து கசிந்த சாறு பாகுக்கும் தோலுக்கும் நடுவே தங்கி, கிருமி வளர இடம் கொடுத்தது. ஆகவே கீறல், காம்பு பிய்ந்த பழம், அடிபட்டது எல்லாவற்றையும் முதலில் ஒதுக்குங்கள்.

கழுவ, 100 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றினால் ஏறக்குறைய 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) குளோரின் கிடைக்கும். 2 நிமிடம் போதும், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். மூட்டை பிரித்துப் போட்ட பிளீச்சிங் பவுடர் நம் ஈரக்காற்றில் சீக்கிரம் சக்தி இழக்கும்; சோதனைப் பட்டை வைத்து அளந்துகொள்வது நல்லது. வெயிலில் வந்த சூடான பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள். பழத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கும்போது காம்புத் துளை வழியாகத் தொட்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அழுக்கோடு. தக்காளியிலும் மாங்காயிலும் இது அதிகம். நிழலில் ஆற வைத்துவிட்டு, பழத்தைவிட 5 டிகிரி கூடுதல் வெப்பமுள்ள தண்ணீரில் கழுவ வேண்டும்.

எமல்ஷன் கெட்டியாக இருக்கிறது என்று போர் தண்ணீர் ஊற்றுவதுதான் இங்கே அடிக்கடி கெடுக்கும் காரியம். கடலோரப் போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் உப்பும் எமல்ஷனைப் பால் போலத் திரித்துவிடும். திரிந்த துணுக்குகள் பழத்தில் வெள்ளைப் பருக்கையாக ஒட்டும், பூச்சும் ஒரே சீராக இருக்காது. நீர்க்கச் செய்ய ஆர்ஓ தண்ணீர் மட்டும், அதுவும் தயாரிப்பாளர் சொன்னால் மட்டும்.

கழுவிய பழம் முழுக்க உலர்ந்த பிறகே பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் மெழுகு திட்டுத் திட்டாக நிற்கும். பூசிய பிறகு ஒரே அடுக்காகப் பரப்பி மின்விசிறி போடுங்கள். இரண்டு பழத்தை ஒன்றோடு ஒன்று அழுத்திப் பிரித்தால் ஒட்டாமல் வர வேண்டும். அப்போதுதான் கூடையில் அடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது பல மணி நேரம் இழுக்கும். அந்த மாதங்களில் உலர்த்தச் சூடான காற்று இல்லாத கடைகள் பூசாமல் இருப்பதே மேல்.

தக்காளி மூச்சுவிடுவது பெரும்பாலும் காம்புத் தழும்பு வழியாக. அதை மெழுகால் மூடினால் உள்ளே புளித்துப்போகும். கொய்யாவுக்கு அரக்கு வேண்டவே வேண்டாம். முற்றாத மாங்காயில் கனமாகப் பூசினால் பழுக்காமலே வதங்கும். பண்ருட்டி பலாச்சுளை புளிப்புக் குறைந்த ஈரப் பண்டம். எந்தப் பூச்சும் அதற்கு ஐஸ்பெட்டிக்கு மாற்றல்ல.

புதுக் கேன் வாங்கியதும் பெரிய லோடில் இறங்காதீர்கள். 20 எலுமிச்சையில் எண் எழுதி, 10-இல் பூசி, 10-ஐ அப்படியே விட்டு, தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நாலாம் நாள் இரண்டு வகையிலும் மூன்றை அறுத்து மோந்து பாருங்கள். எடை காப்பாற்றி, கள் வாடையும் இல்லையென்றால் அளவு சரி. எடை நின்று வாடை வந்தால் பூச்சு கனம், பாதியாகக் குறைத்து மறுபடி பாருங்கள்.

வாங்குபவர்களுக்கு

கத்தியால் சுரண்டி வெள்ளைத் துகள் வந்தால் "மெழுகு பூசியிருக்கான்" என்று முடிவு கட்ட வேண்டாம். ஆப்பிளுக்குத் தன் மெழுகு உண்டு, திராட்சைக்கு உண்டு, கல்யாணப் பூசணியின் சாம்பலே இயற்கை மெழுகுதான். சுரண்டல் எதையும் நிரூபிக்காது. கடைக்காரரிடம் பெட்டியின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

தோலோடு சாப்பிடுவதாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவுங்கள். 1 லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா போட்டு 12 முதல் 15 நிமிடம் ஊற வைத்தால் ஆப்பிளின் மேற்பரப்பில் இருக்கும் சில பூச்சிக்கொல்லி மிச்சம் நன்றாக நீங்குகிறது என்று 2017-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. தோலுக்குள் இறங்கியது போகாது. சிறு குழந்தைக்குக் கொடுக்கும் ஆப்பிளைத் தோல் சீவிக் கொடுங்கள்.

பூசி விற்கும் கடைகள் ஒவ்வொரு கேனிலிருந்தும் 100 மில்லியைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, பேட்ச் எண்ணும் பிரித்த தேதியும் எழுதி, குளிர்ந்த இருட்டான இடத்தில் ஒரு மாதம் வைத்திருங்கள். புகார் வந்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்கும்போது, காலிக் கேனைக் காட்டுவதற்குப் பதில் அந்தப் பாட்டிலைக் கொடுக்கலாம்.